சேவல் கேட்ட விலை

கம்ப்யூட்டர் கடை பிஜு நிரபராதி என்று தெரிந்த செவ்வாய்க்கிழமை காலையில் லோனப்பனுக்கு முதுகுவலி இன்னும் கொஞ்சம் கூடியது. சந்தேகப்படுவதற்கு இருந்ததே ஒரே ஒரு ஆள். அவனும் கைவிட்டுப் போய்விட்டான்.

பாலா டவுனில் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே இருந்தது அவருடைய ஆபீஸ். ரிட்டயர்டு சப் இன்ஸ்பெக்டர், வயது அறுபத்தொன்று, துப்பறிவதைவிட உட்காருவதில்தான் இப்போது ஆர்வம் அதிகம். கீழேயிருந்து வரும் ரப்பர் நாற்றம் மார்ச் வெயிலில் மாடிப்படி ஏறி வந்து, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அறையில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. உதவியாளர் ஷைனி ஜன்னலோரம் நின்று ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தாள். சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டவள். வாயை மட்டும் விடவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தாள் திரேசியா. நாற்பத்தேழு வயது. கால் இரண்டும் விழுந்துபோன அப்பன் அவராச்சனைப் பதினான்கு வருடம் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியவள். போன ஜூலையில் அவர் போய்ச் சேர்ந்தார். வீடும் தோட்டமும் குவைத்தில் இருக்கும் தம்பிகளுக்கு, வீட்டுச் சாமான்களும் பழைய ஜீப்பும் மகளுக்கு என்று உயில். ஈஸ்டருக்குள் காலி செய்து கொடு அக்கா என்று தம்பிகள் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியறையோடு ஒரு சின்னக் கடை பார்த்து வைத்திருந்தாள். கீழே அச்சப்பமும் குழலப்பமும் சுட்டு விற்பது, மேலே படுத்துக்கொள்வது. வியாழக்கிழமை காலை அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் கடை ஒரு செருப்பு வியாபாரிக்குப் போய்விடும்.

அதற்காகத்தான் அப்பன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக ஆன்லைன் ஏலத்தில் விட்டாள். அந்த ஏலத்தில் விற்பவர் ஒரு குறைந்தபட்ச விலையை மறைத்து வைத்துக்கொள்ளலாம். ரிசர்வ் விலை என்று அதற்குப் பெயர். கேட்கிறவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியாது. கேட்ட தொகை ரிசர்வைத் தொடாதவரை திரையில் சிவப்பு விளக்கு, தொட்டால் பச்சை. சிவப்பிலேயே ஏலம் முடிந்தால் விற்கவேண்டிய கட்டாயம் இல்லை.

சுவர்க்கடிகாரத்துக்கு அவள் வைத்த ரிசர்வ் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது. செஞ்சேவல் என்ற பெயரில் ஒரு ஆள் அதே பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பதுக்குக் கேட்டு எடுத்துக்கொண்டான். சீனா ஜாடிகளுக்கு நாற்பத்தோராயிரத்து இருநூறு. செஞ்சேவலும் நாற்பத்தோராயிரத்து இருநூறு. பணம் உடனே வந்துவிடும். ஒரு ஜீப் டிரைவர் வந்து, பேர் கேட்டால் சிரித்துவிட்டு, சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

ரிசர்வை அவளுக்காக டைப் அடித்துக் கொடுத்தவன் பிஜு. அதனால் போன வாரம் லோனப்பன் ஒரு பொறி வைத்தார். பித்தளை உருளிக்கு அவள் பிஜு கடைக்கே போகவில்லை. அடுக்களையில் தனியாக உட்கார்ந்து, தன் போனிலேயே இருபத்திரண்டாயிரத்து முந்நூற்றைம்பது என்று போட்டாள். நேற்று ஏலம் முடிந்தது. செஞ்சேவல் கேட்டது இருபத்திரண்டாயிரத்து முந்நூற்றைம்பது.

"என் மனசுல இருக்கறது அவனுக்கு எப்படி சார் தெரியுது?" என்றாள் திரேசியா. "அதுக்கு மேல ஒரு ரூபா வர விடமாட்டேங்கறான். நாளைக்கு நாலு மணிக்கு அப்பச்சனோட ஜீப் ஏலம் முடியுது. அது ஒண்ணுதான் பாக்கி."

"யார்கிட்டயும் சொல்லலை?" என்றார் லோனப்பன்.

"சொல்லலை."

"தூக்கத்துல பேசுவீங்களா சேச்சி?" என்றாள் ஷைனி.

"பேசினாலும் கேக்க அந்த வீட்டுல யாரு இருக்கா?"

ஷைனி விசிறுவதை நிறுத்திவிட்டாள். லோனப்பன் முதுகை நாற்காலியில் சாய்த்துப் பார்த்தார். எந்தப் பக்கம் சாய்த்தாலும் வலித்தது.

"சொல்லலை சரி. அந்தத் தொகையை எங்கயாவது எழுதினீங்களா?"

அவள் புடவைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டினாள். "எழுதினேன். ஆனா மனுஷங்களுக்கு இல்லை."

"பின்னே?"

"யூதா ததேயு புண்ணியாளனுக்கு. எங்க கரிம்பனக்குன்று கோயில்ல அவரோட சொரூபத்துக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வேண்டுதல் சீட்டு போடுவேன். இன்ன சாமான், இத்தனை ரூபாய்க்குக் குறையாம போகணும்னு. பேர் எழுத மாட்டேன். தொகையைச் சரியா எழுதலேன்னா அவருக்கு எப்படித் தெரியும்?"

"நியாயம்தான்" என்றாள் ஷைனி. "அந்தச் சீட்டை அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

"வருஷக் கடைசியில எரிப்பாங்க."

"செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கோயில்ல நடக்கற நவநாள் செபத்துக்குப் போவீங்களா?" என்று கேட்டார் லோனப்பன்.

"அஞ்சு மணி அப்பச்சனைக் குளிப்பாட்டற நேரம் சார். பதினாலு வருஷமா போனதில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப அவர் இல்லைதான். ஆனா அஞ்சு மணி ஆனா கை தானா போய் வெந்நீர் போடுது. நான் என்ன செய்ய?"

 ஜீப்புக்கும் சீட்டு போட்டாகிவிட்டதா என்று மட்டும் லோனப்பன் கேட்டார். போட்டாகிவிட்டது.

அன்று மாலை ஐந்து மணிக்கு லோனப்பனும் ஷைனியும் கரிம்பனக்குன்று கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முந்நூறு பேருக்குக் குறையாத கூட்டம். பாட்டு முடிந்ததும் கோயில் வேலையெல்லாம் பார்க்கும் கப்யார் மைக்குக்கு முன்னால் வந்து, மூக்கில் கண்ணாடியை ஏற்றி, கையிலிருந்த சீட்டுக் கட்டைப் படிக்க ஆரம்பித்தார்.

"ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ஏழு மார்க் வாங்க வேண்டி ஒரு விசுவாசி. மருமகளின் கோபம் குறைய வேண்டி ஒரு விசுவாசி. மாமியாரின் கோபம் குறைய வேண்டி ஒரு விசுவாசி."

"ஒரே வீடு" என்று ஷைனி முணுமுணுத்தாள்.

"தகப்பனாரின் ஜீப், ஆறு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் ஏலம் போக வேண்டி ஒரு விசுவாசி."

முந்நூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார்கள்.

ஷைனி மெதுவாக லோனப்பன் பக்கம் சாய்ந்தாள். "சாரே, பாங்க் லாக்கர்ல வெக்க வேண்டியதை லவுட் ஸ்பீக்கர்ல வெச்சிருக்காங்க. இந்த முந்நூறு பேர்ல யாரைன்னு பிடிக்கறது? எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, யாருப்பா இங்க சேவல்னு கேக்கவா?"

"கண்ணைத் திற. வாயை மூடு."

எல்லோரும் கண்ணை மூடியிருந்த அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆள் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். இரண்டாவது வரிசையில் வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு கிழவர். காணிக்கைக் கவரைத் தொடைமேல் வைத்து, பேனாவை உதறி, எதையோ எழுதினார். எழுதியதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சரிபார்த்தார். அதன்பிறகுதான் கண்ணை மூடினார்.

நவநாள் முடிந்து மெழுகுவர்த்தி அணைத்துக்கொண்டிருந்த கப்யாரை ஷைனி பிடித்தாள். சீட்டுகளை எப்போதிலிருந்து படிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"புதுச் சாமியார், நம்ம விகாரியச்சன் வந்ததுக்கப்புறம்தான், நாலஞ்சு மாசமா. எல்லாரும் சேர்ந்து வேண்டினா பலன் ஜாஸ்தியாம். என் தொண்டை போறது யாருக்குத் தெரியுது?"

"ரெண்டாவது வரிசை வெள்ளை ஜிப்பா யாரு?"

"தெக்கேதில் பைலி முதலாளி. அவரைத் தெரியாதா? அப்போ நீங்க இந்தப் பக்கத்து ஆளே இல்லை. ஜனவரி பெருநாள் சேவல் ஏலத்துல அவரும் காவுங்கல் அவராச்சனும் நாப்பத்தோரு வருஷம் மோதியிருக்காங்க. இவர் ஒண்ணு சொன்னா அவர் மேலே ஒண்ணு. ஜெயிச்சவர் சேவலைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துடுவார். திரும்ப ஏலம், திரும்ப சண்டை. ஒரே சேவலை ஒரே நாள்ல நாலு தடவை வித்திருக்கோம். இந்தக் கூரை ஓடு பூரா அந்தச் சண்டையில வந்ததுதான்."

"ரெண்டு பேருக்கும் வெளியில பேச்சுவார்த்தை?"

"ஒருத்தர் நிழல் ஒருத்தர் மேல விழாது."

எதிரே டீக்கடையில் இரண்டு சாயாவும் பழம்பொரியும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். ஷைனிக்கு வழக்கு முடிந்துவிட்டது. செத்துப்போன எதிரியின் சாமானை மலிவாக அள்ளி வீட்டில் வைத்து அழகு பார்க்கும் கிழவன், அவ்வளவுதான். லோனப்பன் அவளுடைய போனை வாங்கி, முடிந்த ஏலங்களின் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். திரேசியா கடைசித் தொகையை மட்டுமே பார்த்திருந்தாள். அதற்கு முந்தின வரியை யாரும் பார்க்கவில்லை. அவரும் இதுவரை பார்க்காததை நினைத்து அவருக்கே அலுப்பாக இருந்தது.

"இதைப் படி. கடிகாரத்துக்கு மத்தவங்க கேட்டதுல பெரிய தொகை எவ்வளவு?"

"பதினோராயிரம்."

"ஜாடிக்கு?"

"இருபத்தாறு." ஷைனி பழம்பொரியைக் கீழே வைத்தாள். "உருளிக்குப் பதினாலு. எல்லாமே சிவப்புல நிக்குது சாரே. அதுக்கப்புறம் சேவல் ஒரே தாவா தாவி ரிசர்வுல உக்காருது."

"அவன் வரலேன்னா ஒண்ணும் வித்திருக்காது. அந்தம்மா வேற வழியில்லாம ரிசர்வை இறக்கியிருக்கும். மலிவா வேணும்னா இவன் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருந்தாலே போதும்."

"அப்போ திருடினது யாரு?"

"யாருமே திருடலை. அதுதான் தலைவலி. திருடன்னா பிடிச்சுக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

புதன்கிழமை காலை தெக்கேதில் வீட்டு முற்றத்தில் ஷைனி ஸ்கூட்டரை நிறுத்தினாள். உள்ளே கூடத்தில் சுவர்க்கடிகாரம் மாட்டியிருந்தது, சரியான நேரம் காட்டியது. மூலையில் ஜாடிகள், அவற்றுக்குப் பக்கத்தில் உருளி. பைலி முதலாளிக்கு எழுபத்தெட்டு வயது. வந்தவர்களையும் அவர்கள் பார்வை போகும் இடத்தையும் பார்த்தார். மறைக்கத் தெம்பில்லாதவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"இன்னும் இல்லை" என்றார் லோனப்பன்.

"சொல்லாதீங்க. பைலிக்கு ஒரு வாழைக்கன்றுகூட விக்கக்கூடாதுன்னு அப்பன் சொல்லி வளத்த பொண்ணு. தெரிஞ்சா ஜீப்பை எரிச்சாலும் எரிப்பா, எனக்குத் தரமாட்டா. அப்புறம் அந்தக் கடையும் போயிடும்."

"கடை விஷயமும் தெரியுமா?"

"முதல் சீட்டுல எல்லாம் விவரமா எழுதியிருந்தாளே. கப்யார் ஒரு எழுத்து விடாம படிச்சான்."

"நேரா போய் உதவி பண்ணியிருக்கலாமே முதலாளி" என்றாள் ஷைனி. "அப்படிப் போனா என்ன, கடிப்பாங்களா?"

"கடிச்சாலும் கடிப்பா." கிழவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த ஜனவரி பெருநாள்ல சேவலைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க. நான் ஐநூறுன்னேன். அவராச்சன் எப்பவும் அதுக்கு மேல ஐநூறு வைப்பான். ஆரம்பத்துல அஞ்சு ரூபா வெச்சவன், அப்புறம் அம்பது, கடைசிக் காலத்துல ஐநூறு. சக்கர நாற்காலியில உக்காந்துகிட்டு, திரேசியா பின்னாடி நிக்க, கையைத் தூக்குவான். இந்தத் தடவை நான் ஐநூறுன்னதும் முற்றம் பூரா அமைதி. ஒரு தரம்னாங்க. ரெண்டு தரம்னாங்க. நான் கோயில் கேட்டையே பாத்துக்கிட்டு நிக்கறேன், எவனாவது ஒருத்தன் கையைத் தூக்கமாட்டானான்னு. மூணு தரம். சேவல் ஐநூறு ரூபாய்க்கு எனக்கு வந்துடுச்சு. அதை அங்கேயே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

கிழவர் மூலையிலிருந்த ஜாடிகளைக் கையால் காட்டினார்.

"அவன்கிட்டேயிருந்து நான் எதையும் மலிவா வாங்கினதில்லை சாரே" என்றார் பைலி. "செத்துட்டான்னு இப்ப மட்டும் வாங்கவா? அவ என்ன விலை நெனைக்கறாளோ அந்த விலைக்கு வாங்கறேன். அதுக்குக் குறைச்சு எடுத்தா எனக்குத் தூக்கம் வராது."

லோனப்பன் தன் நம்பர் எழுதிய அட்டையை மேஜையில் வைத்தார். "எனக்குக் கூலி கொடுத்தது அந்தம்மா. அவங்ககிட்ட நான் மறைக்க முடியாது. மன்னிக்கணும்."

கிழவர் தலையை ஆட்டினார். வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

மூன்று மணிக்குத் திரேசியா ஆபீசுக்கு வந்தாள். லோனப்பன் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பெட்டி, மைக், கவரில் எழுதிய கிழவர், சுவரில் ஓடும் கடிகாரம், ஐநூறு ரூபாய்ச் சேவல். முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் எந்த நிறமும் இல்லாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அவர் வீட்டுலயா இருக்கு?"

"ஆமா."

"அப்பச்சன் கல்லறையில திரும்பிப் படுப்பார்."

திரேசியா போனை எடுத்து மேஜையில் வைத்தாள். ஜீப் ஏலத்தில் வெளியாட்கள் கேட்ட பெரிய தொகை நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மூன்று இருபத்தெட்டுக்குச் செஞ்சேவல் வந்தது. ஆறு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. விளக்கு பச்சை.

"இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு" என்றார் லோனப்பன். "மூணே முக்கால் வரைக்கும் விக்கறவங்க ரிசர்வை மாத்தலாம், ஏலத்தையே ரத்து பண்ணலாம். அதுக்கப்புறம் பூட்டிடும். ரத்து பண்ணினா கடை போகும். பண்ணலேன்னா ஜீப் தெக்கேதில் வீட்டுக்குப் போகும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நான் சொல்லுவேன்" என்றாள் ஷைனி. "சேச்சி, பச்சையைத் தொடாதீங்க. அப்பச்சன் கல்லறையில எந்தப் பக்கம் வேணாலும் படுக்கட்டும். நீங்க படுக்கறதுக்கு ஒரு மாடி வேணும்."

திரேசியா பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கீழே யாரோ ரப்பர் ஷீட்டைத் தராசில் போடும் சத்தம் கேட்டது.

"கேட்டையே பாத்துக்கிட்டு நின்னாரா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் சொன்னார்."

"நானும் அன்னிக்கு வீட்டுல இருந்தேன் சார். மைக் சத்தம் கேட்டுச்சு. ஐநூறு ஒரு தரம், ஐநூறு ரெண்டு தரம். காதைப் பொத்திக்கிட்டேன்." அவள் போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "போயிருக்கணும்."

மூன்று நாற்பத்து மூன்றுக்கு அவள் விரல் போனைத் தட்டியது. ரத்து செய்யவில்லை. ரிசர்வ் என்ற இடத்தைத் திறந்து, பழைய எண்ணை அழித்து, புதிய எண்ணைப் போட்டாள். பச்சை அணைந்து சிவப்பு வந்தது. ரிசர்வ் ஏற்றப்பட்டது என்று ஏலத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் செய்தி போனது. எவ்வளவு என்று யாருக்கும் போகவில்லை.

"சேச்சி, உங்களுக்குப் பைத்தியமா?" ஷைனி எட்டிப் பார்த்தாள். "இதுக்குச் சீட்டு எதுவும் போடலையே. அவருக்கு எப்படித் தெரியும்? கோபப்பட்டு போனை மூடி வெச்சுட்டார்னா?"

"மூடி வெச்சா வெக்கட்டும்."

மூன்றே முக்கால். ரிசர்வ் பூட்டிக்கொண்டது. இனி அவளே நினைத்தாலும் இறக்க முடியாது. சிவப்பு விளக்கு அப்படியே நின்றது. மூன்று நாற்பத்தெட்டு. திரேசியாவின் உதடு காய்ந்துபோயிருந்தது. ஷைனி தண்ணீர் ஊற்றி வைத்தாள், அவள் தொடவில்லை. லோனப்பன் எழுந்து நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். இந்த வயதில் இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது என்று அன்றைக்கு நான்காவது தடவையாக நினைத்தார்.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சாரே, பைலி பேசறேன்." கிழவரின் மூச்சு வாங்கியது. காலையில் கேட்ட குரலாகவே இல்லை. "ஏத்திட்டா. அந்தக் கழுதை ஏத்திட்டா. நான்தான்னு தெரிஞ்சுதான் ஏத்தியிருக்கா, இல்லையா?"

"ஆமா முதலாளி. எவ்வளவுன்னா..."

"சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா நான் மனுஷனா இருக்கமாட்டேன். எனக்கா தெரியாது?"

போன் வைக்கப்பட்டது. தெக்கேதில் வீட்டிலிருந்து ஒரு எண் வந்து சேர ஒரு நிமிடம் ஆனது. ஆறு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். சரியாக ஐநூறு ரூபாய் கூடுதல்.

விளக்கு பச்சையானது.

திரேசியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பன் செத்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை என்று ஊரில் பின்னால் சொன்னார்கள். நான்கு மணிக்கு ஏலம் முடிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும் என்று பழக்கத்தில் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தெக்கேதில் வீட்டுக்கு இங்கேயிருந்து ஆட்டோ கிடைக்குமா சார்?" என்றாள். "ஜீப் சாவி என்கிட்டதான் இருக்கு."